வேண்டாம் என்ற கூப்பன் மாமா

என் மடியில் மல்லாந்து கிடந்து, நான் எழுதுகிற நோட்டை எட்டி எட்டி உதைத்துக்கொண்டிருக்கிறாளே ஒருத்தி, அவளுடைய அப்பாவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பாதிப் பழி அவளுக்கு. மீதிப் பழி, ஒன்பதாம் வகுப்போடு என்னை அனுப்பிவைத்த பள்ளிக்கூடத்துக்கு.

அவர் என் அக்கா புருஷன். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களை மேலும் கீழும் ஓட்டுகிற மனிதர், லிஃப்டே இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் குடியிருக்கிறார். அக்காவும் நானும் கூட. அவர் வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் அவருக்குப் பெயர் கூப்பன். சத்தியமாக நான் வைத்ததில்லை. வைத்தவர் யாரோ என்னைவிடக் கெட்டிக்காரர்.

இலவசம் என்று எங்கேயாவது எழுதியிருந்தால் போதும், மாமாவின் கால் தானாக நின்றுவிடும். எங்கள் சுவரில் மூன்று கடிகாரங்கள். ஒன்று சிமென்ட் கம்பெனி கொடுத்தது, ஒன்று வங்கி, ஒன்று பெயின்ட் கடை. மூன்றும் மூன்று நேரம் காட்டும். வேலைக்குக் கிளம்பும்போது அக்கா வங்கியை நம்புவாள், தூங்கி எழும்போது நான் பெயின்ட் கடையை நம்புவேன். துண்டில் டயர் கம்பெனி, குடையில் இன்ஷூரன்ஸ், டம்ளரில் பல் ஆஸ்பத்திரி. எங்கள் வீட்டில் பெயர் எழுதாத பொருள் என்றால் நாங்கள் மூன்று பேர்தான்.

ஒருமுறை ஒரு மைதானத்தில் நீளமான வரிசையைப் பார்த்துவிட்டு, எதற்கு என்றே கேட்காமல் போய் நின்றிருக்கிறார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அது நாய்களுக்கு ஊசி போடும் முகாம்.

"நாய் எங்கேங்க?" என்று கேட்டிருக்கிறார் டாக்டர்.

"வீட்டுல இருக்கு சார்."

"கூட்டிட்டு வரணும்ல?"

"இன்னிக்கு அதுக்கு உடம்பு சரியில்ல."

கழுத்துப்பட்டை ஒன்றும் நாய் ஷாம்பூ ஒரு பாட்டிலும் வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா பாட்டிலைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு முறை தலைக்குக் குளித்துவிட்டார். பொய் சொல்லக் கூடாது, முடி பளபளவென்று இருந்தது.

இப்படிச் சொன்னால் ஆளைக் கருமி என்று நினைத்துவிடுவீர்கள். கருமியே இல்லை. வந்த வேகத்தில் கொடுத்துவிடுவார். மழை நாளில் குடையை ஏதாவதொரு காவலாளியிடம் கொடுத்துவிட்டுச் சொட்டச் சொட்ட வந்து நிற்பார். கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். வைத்துக்கொள்வது இரண்டாம் பட்சம்.

போன வருஷம் அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது எனக்கு ஒரே குஷி. அக்காவுக்காகப் பாதி, வேடிக்கைக்காகப் பாதி. ஏனென்றால் பிள்ளை பெறப்போகிறவர்களுக்கு உலகம் எவ்வளவு இலவசம் வைத்திருக்கிறது தெரியுமா? சுகாதார நிலையச் சுவர் முழுக்க அதுதான். சத்துமாவு இலவசம், இரும்பு மாத்திரை இலவசம், ஸ்கேன் இலவசம். பிறந்ததும் ஒரு பெட்டி: மெத்தை, போர்வை, குல்லாய், காய்ச்சல் பார்க்கும் கருவி வரைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, வேலைக்குப் போகிற பெண் கடைசி மூன்று மாதம் வீட்டில் ஓய்வெடுத்தால் சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கும். மாமாவுக்கு இது நாய் முகாம் மாதிரி ஆயிரம் முகாம். மனுஷன் பந்தல் போட்டு உட்காரப்போகிறார் என்று காத்திருந்தேன்.

மாமா ஒன்றுமே செய்யவில்லை. அக்காவோடு பரிசோதனைக்குப் போவார், சுவர் பக்கம் திரும்பமாட்டார். ஒருநாள் நானே துண்டு அறிவிப்பு ஒன்றைக் கிழித்து வந்து நீட்டினேன்.

"பார்க்கலாம்" என்றார்.

"என்ன மாமா பார்க்கலாம்? ஓசியில ஊசி போட்டுக்கப் போன ஆளா நீங்க?"

"வாலு, சும்மா இரு." அறிவிப்பை மடித்து, பெயின்ட் கடைக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவிட்டார்.

அக்காவுக்கு அந்த ஓய்வு தேவைப்பட்டது. அவள் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். ஈரப் படுக்கை விரிப்பை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, ஆவி பறக்கும் உருளைக்குள் மடங்காமல் விட வேண்டும். எட்டு மணி நேரம் நின்றபடியே. விடுப்புக் கொடுப்பார்கள், சம்பளம் கொடுக்கமாட்டார்கள். சாயங்காலம் நாலு மாடி ஏறி வந்து அவள் செருப்பைக் கழற்றினால், வார் பதிந்த தடம் தூங்கப்போகும் வரைக்கும் காலில் இருக்கும்.

சரி, மாமா மறந்துவிட்டார்போல, நாம் நம் பாணியில் ஞாபகப்படுத்துவோம் என்று நினைத்தேன். மருந்துக்கடையில் ஒரு டயப்பர் கம்பெனி பெட்டி வைத்திருந்தது. 'தாயாகப்போகும் உங்களுக்குப் பை நிறையப் பரிசு.' ஒரு படிவத்தை எடுத்தேன். திருமதி போட்டு மாமா பெயரை எழுதினேன், மாமா நம்பரை எழுதினேன், பதினேழு வாரம் என்றும் எழுதிப் போட்டுவிட்டேன்.

இரண்டாம் நாளே போன் வந்திருக்கிறது. மாமா அப்போது லிஃப்டின் கூரைமேல் நின்று கம்பிவடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார், ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே. கையெல்லாம் கிரீஸ் என்பதால் கூட இருந்தவரைவிட்டு ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறார்.

"வணக்கம்மா! மசக்கை எல்லாம் எப்படிம்மா இருக்கு? கால் வீங்குதா?"

கூட இருந்தவர் சிரித்த சிரிப்பு எட்டு மாடிக்கும் கேட்டதாம். அதை அவரே எனக்குப் போன் போட்டுச் சொன்னார். மாமா என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலம்மா. கட் பண்ணச் சொன்னாரு. அப்புறம் மத்தியானம் வரைக்கும் பேசவே இல்ல." என்னைத் திருப்பி மாட்டிவிட ஏதோ திட்டம் போடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த வாரம் பை வந்தது. கதவைத் திறந்தது மாமா. பையில் அவர் பெயர், முன்னால் 'திருமதி', பக்கத்தில் சிரிக்கிற குழந்தைப் படம். நான் சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். மாமா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அக்கா குளியலறையில் இருக்கிறாளா என்று ஒரு தடவை பார்த்தார். சட்டையை மாட்டினார், பையை அப்படியே எடுத்துக்கொண்டு நாலு மாடியும் இறங்கிப் போய்விட்டார்.

 அக்கா தலை துவட்டிக்கொண்டு வந்தபோது எல்லாவற்றையும் கக்கிவிட்டேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "போன தடவை நீ இங்க இல்லல்ல" என்றாள்.

போன தடவை ஆறாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. அந்த முறை மாமா முதல் மாதமே இருபது இடத்தில் பெயர் கொடுத்திருந்தாராம். குழந்தை போன பிறகும் பை நிற்கவில்லை. வாரா வாரம் ஏதாவது வரும். 'உங்கள் செல்லம் இப்போது உங்களைப் பார்த்துச் சிரிக்கும்' என்று ஓர் அட்டை. 'பல் முளைக்கிறதா?' என்று ஒரு கிலுகிலுப்பை. அக்கா கண்ணில் படக் கூடாதென்று மாமா கீழ்ப் படிக்கட்டிலேயே காத்திருந்து வாங்கி, அப்படியே பிரசவ வார்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாராம்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கிலுகிலுப்பையை வார்டுல குடுக்காம அவரோட டூல்ஸ் பையிலயே வெச்சிருந்தாரு. ஒருநாள் சத்தம் போட்டுச்சு."

நான் அன்றைக்கு முழுக்கத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் தெருவுக்கு இறங்கிப்போய் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"பேரை எடுத்துடுங்கக்கா. எங்க மாமா பேரு."

"மாமாவா? இங்க பதினேழு வாரம்னு இருக்கே!"

"அது நான் விளையாட்டுக்கு எழுதினது. எங்க அக்காதான்."

அந்தப் பக்கம் குரல் சட்டென்று தணிந்தது. "ஓ... சரிம்மா. ரொம்ப வருத்தமா இருக்கு. இனிமே எதுவும் வராம நானே பார்த்துக்கறேன்."

"ஐயோ இல்லக்கா! ஒண்ணும் ஆகல! நல்லா இருக்கு! உதைக்குதாம்!" என்று கத்தினேன். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு கம்பெனிக் குரலை விட்டுவிட்டுச் சொந்தக் குரலில் கேட்டாள். "அரசாங்கத்துல பதிஞ்சாச்சா? எங்க பை கெடக்குது குப்பை. ஓய்வுச் சம்பளம் இருக்கு பாரு, இருபது வாரத்துக்குள்ள பதியணும். அது தாண்டிச்சுன்னா மந்திரியே வந்தாலும் கெடைக்காது."

வீட்டுக்கு ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்டி. பத்தொன்பது முடிஞ்சு நாலு நாள். இன்னும் மூணு நாள் இருக்கு. அதுல ரெண்டு நாள் ஆபீஸ் லீவு."

"அப்போ நாளைக்கு ஒரு நாள்தானா? தெரிஞ்சுக்கிட்டேவா உட்கார்ந்திருக்க?"

அக்கா தன் கைப்பையைத் திறந்து காட்டினாள். ஓட்டலில் வாங்கிய சம்பளக் கடிதம், ஸ்கேன் சீட்டு, வங்கிப் புத்தகத்தின் நகல், நிரப்பிய படிவம். ஒரே ஓர் இடம்தான் காலி. கணவன் கையெழுத்து.

"அவராக் கேட்கட்டும்னு இருந்தேன்" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமா வந்து கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டுக்குப் பக்கத்தில் படிவத்தை வைத்தாள்.

மாமா தட்டைப் பார்த்தே பேசினார். "இன்னும் கொஞ்சம் போகட்டுமே."

"போறதுக்கு நாளில்லைங்க."

"நான் கை வெச்சது எதுவும்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். "போன தடவை பேரை எழுதினதெல்லாம் நான்தான். இந்தத் தடவை நான் எதையும் எழுதல. சம்பளம் போனாப் போகுது. நான் ராத்திரி வேலையும் சேர்த்துப் பார்க்கறேன்."

"நீங்க ராத்திரி வேலை பார்த்தா என் கால் வலி போயிடுமா? போன தடவை ஏன்னு டாக்டருக்கே தெரியல. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? உங்க கையெழுத்துக்கு அவ்வளவு சக்தி இருந்தா, நம்ம கட்டடத்துக்கு ஒரு லிஃப்ட் எழுதி வாங்குங்களேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. மாமா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை.

"எனக்குப் படுக்கணும்ங்க" என்றாள். "மூணு மாசம். அவ்வளவுதான் கேட்கறேன்."

மாமா ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "நாளைக்கு எத்தனை மணிக்குத் திறக்கறாங்க?" என்றார்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். கவுன்டரில் மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டிருந்த ஒரு அம்மா. காகிதங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "எத்தனையாவது?"

"ரெண்டாவது" என்றார் மாமா.

"முதல் குழந்தையோட பிறப்புச் சான்றிதழ்?"

 அக்காதான் சொன்னாள். "அது ஆறாம் மாசத்துலயே..."

அந்த அம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "அப்போ இதை முதல்னே போடலாம்மா. முதல் குழந்தைக்குத்தான் முழுச் சம்பளம். ரெண்டாவதுன்னா பாதி."

"ரெண்டாவதுன்னே போடுங்க" என்றார் மாமா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மாமா, பாதி போயிடும்!" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நாய் இல்லாமலே நாய் ஷாம்பூ வாங்கிய மனிதர் இவர். அக்கா அவரைத் தடுப்பாள் என்று திரும்பினேன். அவள் தடுக்கவில்லை. அவர் கைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"போகட்டும். இருந்துச்சு அது. இல்லைன்னு நான் எழுதமாட்டேன்" என்றார் மாமா.

 கவுன்டர் அம்மா படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை எங்கள் பக்கம் நகர்த்தினார். "இங்க பாருங்க. ரெண்டு கட்டம் இருக்கு. எத்தனையாவது கர்ப்பம்னு ஒண்ணு. அதுல ரெண்டுன்னு எழுதுங்க. உயிரோட இருக்கற குழந்தைங்க எத்தனைன்னு இன்னொண்ணு. அதுல சைபர். சம்பளம் சைபரைப் பார்த்துத்தான் வரும். ரெண்டை யாரும் அழிக்கமாட்டாங்க."

மாமா பேனாவை வாங்கினார். ரெண்டை எழுத அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வரிசையில் பின்னால் நின்றவர் "என்னப்பா, பரீட்சையா?" என்றார். நான் திரும்பி முறைத்த முறைப்பில் அவர் செருப்பைக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். மாமா சைபரையும் போட்டு, காலியாக இருந்த இடத்தில் கையெழுத்தும் போட்டார்.

அக்கா ஏழாவது மாதம் முடிகிறபோது வேலையிலிருந்து நின்றாள். முதல் நாள் காலை பத்து மணி வரைக்கும் படுத்துக் கிடந்தாள். நான் இரண்டு தடவை மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டாவது தடவை கையைத் தட்டிவிட்டாள். மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மாமா, மூச்சு வாங்க.

"டெஸ்டரை மறந்துட்டேன்" என்றார். டெஸ்டர் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.  படுத்திருந்தவளை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் சாவிக் கொத்தை மறந்தார். அதற்கடுத்த நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்தார், அன்றைக்கு அவர் டப்பாவே கொண்டுபோகவில்லை. நாலு மாடி ஏறி, நாலு மாடி இறங்கி, தினமும்.

மூன்றாவது வாரம் அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "நாளைக்கு எதை மறக்கப்போறீங்க?"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மாமா யோசித்தார். "இன்னும் முடிவு பண்ணல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.