பாதி முகத்துக்குப் பூசிய கிரீம்

முகத்துக்குக் கிரீம் விற்கிறவள் வருவது, அவள் வாய் திறப்பதற்கு முன்பே, பைக்குள் கண்ணாடிப் புட்டிகள் இடித்துக்கொள்ளும் சத்தத்தில் தெரிந்துவிடும். குளிரில் பற்கள் தந்தியடிக்கிற மாதிரி ஒரு சத்தம் அது. எழுபதுகளின் தொடக்கத்தில், வட சென்னையில், ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரை அந்தச் சத்தத்தோடுதான் நான் நடந்தேன். காது மந்தமாகிவிட்ட இந்த வயதிலும் அது மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

எங்கள் கம்பெனி காலடிப்பேட்டையில் ஒரு தகர ஷெட். மெழுகும் எண்ணெயும் ரோஜா வாசனையும் சேர்த்துக் கடைந்த வெள்ளைக் கிரீம். சுருக்கம் போகும், வயது தெரியாது என்று சொல்லி விற்போம். அது யாருக்கும் கெடுதல் செய்ததில்லை, நல்லதும் செய்ததில்லை. 'கை நிறைய அள்ளிப் பூசுங்கள்' என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே மருத்துவம். புட்டி சீக்கிரம் தீர வேண்டுமே.

கண்ணாடி முன்னால் நின்று, கன்னத்தை இரண்டு விரலால் பின்னுக்கு இழுத்துப் பார்த்திருக்கிற தோழிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறதே, அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் நான் பிழைப்பு நடத்தினேன்.

ரோட்டைப் பார்த்த கன்னம்

எங்கள் தொழிலுக்கென்று ஒரு முறை உண்டு. வாடிக்கைக்காரியின் முகத்தில் பாதிக்கு மட்டும் பூசுவோம். மூக்குத்தண்டுதான் எல்லை. ஒரு வாரம் அதே பக்கம் மட்டும் பூசச் சொல்லி, சின்னப் புட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவோம். மறுவாரம் போய்க் கண்ணாடியைக் கையில் கொடுத்து, 'நீங்களே பாருங்கள், எந்தப் பக்கம் இளமை?' என்போம். உண்மையில் வித்தியாசம் ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு வாரமாக ஒரே கன்னத்தைக் கவனித்தவளுக்கு எதுவோ தெரியத்தான் செய்யும். மறு கன்னத்தின் மேல் பரிதாபப்பட்டுப் பெரிய புட்டி வாங்குவாள்.

துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் ஆப்பக்கடை வைத்திருந்த குப்பம்மாவுக்கு நான் வலது கன்னத்தில் பூசிவிட்டு வந்தேன். மறுவாரம் போனபோது அவளுக்கு வாயெல்லாம் பல். நன்றாக இருக்கிறது, இன்னொரு சின்னப் புட்டி கொடு என்றாள். 'பெரிய புட்டி வாங்கிக்கொள், இடது கன்னம் என்ன பாவம் செய்தது?' என்று கேட்டேன். குப்பம்மா ஆப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டே, நான் ஏதோ விவரமில்லாதவள் என்பது போலப் பார்த்தாள். "யக்கா, நான் குந்திகினு கீற இடத்த பாரு. இந்தக் கன்னம் ரோட்ட பாத்துகினு கீது. அந்தக் கன்னம் சொவத்த பாத்துகினு கீது. சொவத்துக்கு இன்னாத்துக்கு கிரீமு?"

ஓவர்டைம் பார்த்த மூஞ்சி

வெளி வேலைக்கு நாங்கள் இரண்டு பேர். நானும் பிலோமினாவும். அவள் ராயபுரத்துக்காரி, அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். என்னைவிடச் சில மாதம் மூத்தவள். இருவருமே முப்பத்தைந்தைத் தாண்டி, அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தோம்.

ஒரு ஐப்பசியில் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கடுமையான விஷயம் சொல்லும்போது மட்டும் மேசை மேலிருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அன்றைக்கு வெகுநேரம் துடைத்தார். தை பிறந்தால் தெருவுக்கு ஒருத்தி போதும், இன்னொருத்தி உள்ளே போக வேண்டும் என்றார். சுருக்கம் போகும் என்று சொல்கிறவள் முகத்தில் சுருக்கம் தெரியக் கூடாது, பொங்கலுக்கு முன்னால் பார்த்து முடிவு செய்கிறேன் என்றார்.

உள்ளே என்றால் கிரீமைப் புட்டியில் அடைக்கிற அறை. தூசி விழும் என்று ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருப்பார்கள். எச்சில் தெறிக்கும் என்று வாயில் துணி கட்ட வேண்டும். சம்பளம் ஒன்றுதான். ஆனால் எனக்கு அந்த வாய்த்துணியை நினைத்தாலே மூச்சு முட்டியது. கல்லூரியில் தமிழ் படித்தவள் நான். தமிழ் எப்படியெல்லாம் சிரிக்கும், எப்படியெல்லாம் திட்டும் என்பதை இந்தச் சந்துகளில்தான் கேட்டேன். வீட்டில் அம்மா போன பிறகு பேச்சுக்கு ஆளில்லை. தெருவை விட்டால் எனக்கு வேறு வாய் கிடையாது. வெளியே வந்ததும் கண் கலங்கிவிட்டது. பிலோமினா என் தோளில் கை போட்டாள். "இன்னாத்துக்குடி அழுவுற? ரெண்டு பேர் மூஞ்சியும் ஓவர்டைம் பாத்த மூஞ்சிதான். எது மொதல்ல ஸ்ட்ரைக் பண்ணுதுன்னு பாத்துக்கலாம் வா."

காரை பெயர்ந்த நாள்

எங்கள் கிரீமை நான் நம்பவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அடுக்களையில் இருந்த எல்லாவற்றையும் பூசிப் பார்த்தேன். பப்பாளி, கிளிசரின், எலுமிச்சை, பாலாடை. காலையில் கண்ணாடியைப் பார்த்தால் சமையல் முடிந்த பாத்திரம் மாதிரி இருந்தேன். கடைசியில் யாரோ முட்டை வெள்ளைக்கருவைச் சொன்னார்கள். மெல்லியதாகப் பூசிக் காயவிட்டால் தோல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உண்மைதான், அன்று கண்ணாடியில் தெரிந்தவளுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கழுவ மனம் வரவில்லை. மேலேயே பவுடரைப் போட்டுக்கொண்டு எர்ணாவூருக்கு பஸ் ஏறினேன்.

ஒரே ஒரு சங்கடம், சிரிக்க முடியாது. எர்ணாவூரில் வழக்கமாக உட்காரும் வாசலில், அன்று பார்த்து அந்த வீட்டு அஞ்சலை, தன் மாமியார் பஸ் என்று நினைத்து ஆலைத் தொழிலாளர் வண்டியில் ஏறி ஆலைக்குள்ளேயே போய் இறங்கிய கதையைச் சொன்னாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அஞ்சலை மாமியார் மாதிரியே நடந்தும் காட்டினாள். அதற்கு மேல் தாங்கவில்லை, சிரித்துவிட்டேன். கண்ணோரத்தில் ஆரம்பித்துத் தாடை வரை விரிசல் ஓடியதை நானே உணர்ந்தேன். மடியில் பவுடரோடு ஒரு துண்டு விழுந்தது. அஞ்சலை சிரிப்பை நிறுத்திவிட்டு உண்மையான அக்கறையோடு என் முகத்தருகே வந்து பார்த்தாள். "யக்கா, அப்பிடியே ஆடாம இரு. உன் மூஞ்சில காரை பேந்துகினு கீது."

கப்பலில் வந்த டியூப்

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ரோஸ்லின் என்று ஒரு வாடிக்கைக்காரி. புருஷன் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில். அவள் முகத்தில் பெரிய பெரிய பருக்கள் இருக்கும். கார்த்திகையில் ஒரு நாள் போனபோது, பருக்கள் போயிருந்தது மட்டுமில்லை, நெற்றிக் கோடுகூட மங்கியிருந்தது. கிரீம் விற்கிற நான், கிரீம் வாங்குகிறவளிடம் என்ன பூசினாய் என்று கேட்டேன். என் தொழில் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமான கேள்வியை நான் கேட்டதில்லை.

ரோஸ்லின் ஒரு சின்ன டியூபைக் கொண்டுவந்தாள். அவள் புருஷன் வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஒரு டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்தானாம். வைட்டமின் ஏ-யிலிருந்து எடுத்த ஏதோ அமிலம், பருவுக்குப் போடுவது. இவளுக்குக் கோடும் போனது யாரும் எதிர்பாராதது. அவளிடம் இரண்டு இருந்தன; ஒன்றை என் கையில் வைத்து அழுத்தினாள். ராத்திரி மட்டும், தொட்டும் தொடாமலும், மறுநாள் வெயிலில் போகாமல் இருக்க வேண்டும் என்று விளக்கினாள். நான் தலையாட்டிக்கொண்டே டியூபை விரலால் அமுக்கிப் பார்த்தேன். அவளுக்கு என் மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "மொளகு அளவுக்குத்தான்க்கா. உங்க கிரீமுன்னு நெனச்சி அள்ளி அப்பிக்கினே, அப்பால மூஞ்ச தேடினு போவணும்."

ஒண்ணும் போடாத பக்கம்

ஒன்றும் செய்யாத பொருளை வருஷக்கணக்காக விற்றவளுக்கு, ஏதாவது செய்கிற பொருள் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். மிளகளவு என்பது எனக்கு அவமானமாகப் பட்டது. பொங்கல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ராத்திரியும் பூசினேன், காலையிலும் பூசினேன். அள்ளித்தான் பூசினேன். ஆனால் தொழில் புத்தி போகுமா? வலது பாதிக்கு மட்டும் பூசினேன். மூக்குத்தண்டு எல்லை. இடது பக்கத்தில் வெறும் குழாய்த் தண்ணீர். மேனேஜர் முன்னால் பக்கவாட்டில் நின்று வித்தியாசத்தைக் காட்டலாம் என்று கணக்கு.

முதலில் கன்னம் சிவந்தது. நான் அதை இளமை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு எரிந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் வெயிலும் லாரிப் புழுதியும் உப்புக்காற்றும் அதன் மேல் வந்து உட்கார்ந்தன. அப்புறம் உரிய ஆரம்பித்தது, வெங்காயச் சருகு மாதிரி. தலைவன் பிரிந்தால் தலைவிக்குப் பசலை படரும் என்று கல்லூரியில் உருகி உருகிப் படித்தவள் நான். எவனும் வராமலே, பிரியாமலே, எனக்குப் பாதி முகத்தில் படர்ந்துவிட்டது.

அந்த முகத்தோடு தண்டையார்பேட்டையில் ஜமீலா பீயின் வீட்டுக்குப் போனேன். இரும்புக் கடைக்காரரின் மனைவி, தாராள மனசு. என்னை வெளிச்சத்துக்கு இழுத்து, தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பாதி முகம் பூசிக் காட்டுவதுதான் எங்கள் வழக்கம் என்பது அவருக்குத் தெரியும். வலது பக்கத்தைப் பார்த்து "யா அல்லா" என்றார். இடது பக்கத்தைப் பார்த்துக் கண் விரிந்தது. உரிந்த கன்னத்துக்குப் பக்கத்தில், சும்மா இருந்த கன்னம் மல்லிகை மாதிரி தெரிந்திருக்க வேண்டும். "இந்தப் பக்கம் போட்டது எது? அத்த எடு" என்றார். எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. வாயை அகலத் திறந்தால் கன்னம் வெடிக்கும். 'அந்தப் பக்கம் ஒண்ணும் போடலைம்மா' என்று முனகினேன். அவர் என் பையைத் திறந்து எங்கள் கம்பெனிப் புட்டி ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டார். "அப்ப இந்த ஒண்ணுமில்லாததையே குடும்மா. இதான் என் மூஞ்சிக்கு ஒத்துக்கும்."

பொங்கலுக்கு முந்தின வாரம்

மேனேஜர் எங்களை ஜன்னல் பக்கம் நிற்க வைத்தார். பிலோமினா வழக்கம் போலத் தேங்காய் எண்ணெயும் பவுடரும் மட்டும் பூசி வந்திருந்தாள். கண்ணோரத்தில் கோடுகள் நன்றாகத் தெரிந்தன. நான் போட்ட கணக்குப்படி பக்கவாட்டில்தான் நின்றேன், ஆனால் ஒன்றும் பூசாத இடது பக்கத்தைக் காட்டி. அவர் சுற்றி வந்து மறுபக்கத்தைப் பார்த்தார். பாவம், கண்ணாடியைத் துடைக்கக்கூட மறந்துவிட்டார்.

அப்போது பிலோமினா, நான் எதிர்பார்க்காததைச் செய்தாள். "சார், இவளுக்குத் தோலு ஆறட்டும். அதுவரைக்கும் இவ உள்ள இருக்கட்டும், அப்பால நானும் பாதி நாளு உள்ள இருக்கறேன், மாத்தி மாத்திப் போறோம். இவளுக்கு நாலு பேர்கிட்ட பேசலன்னா சோறு எறங்காது சார்" என்றாள். அவர் ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணம் முழுக்க எனக்குத் தெரு நினைவுதான். குப்பம்மாவின் சட்டிச் சத்தம், அஞ்சலையின் நடை. பிறகு அவர் மேசைக்குப் போய் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "சுருக்கத்தை ஜனங்க மன்னிச்சுடுவாங்கம்மா. ஒரு தடவை உரிஞ்சதைப் பாத்துட்டா மன்னிக்க மாட்டாங்க. நம்ம கிரீம்தான் இப்படிப் பண்ணிச்சுன்னு ஊரெல்லாம் பேச்சாயிடும்."

வாய்த்துணி

உள்ளே போன பிறகு தோல் ஆறியது. ஆறியது மட்டுமில்லை, வெயில் இல்லை, புழுதி இல்லை, நாள் முழுக்க மெழுகின் ஆவி. ரோஸ்லின் கொடுத்த டியூபில் மிச்சமிருந்ததை, இப்போது மிளகளவாக, ராத்திரியில் மட்டும், இரண்டு பக்கமும் பூசினேன். செய்ய வேண்டியதை எல்லாம் முடிந்துபோன பிறகு ஒழுங்காகச் செய்கிறவள் நான். சித்திரைக்குள் நெற்றிக் கோடு போயிற்று. கண்ணோரம் மழமழவென்று ஆயிற்று. அந்த அறையில் அதைப் பார்க்க, புட்டிகளும், பேசாத நாலு பெண்களும், பலகை அடித்த ஜன்னலும் இருந்தன.

ஒரு நாள் பிலோமினா தெருவிலிருந்து சரக்கு எடுக்க வந்தாள். வியர்வையில் பவுடர் கோடு கோடாக இறங்கியிருந்தது. என் வாய்த்துணியைக் கழற்றிவிட்டு, கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் விரல் சொரசொரவென்று இருந்தது. அன்று எந்தெந்த வீட்டில் என்னென்ன பேசினார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அதற்குப் பிறகும் வரும்போதெல்லாம் சொல்வாள். அன்று போகும்போது துணியைத் திரும்ப என் வாயில் கட்டிவிட்டாள். "கல்யாணப் பொண்ணு கணக்கா கீறடி. எவன் பாக்கறதுக்குடி இத்தினி அயகு, அந்த மெழுகுச் சட்டியா?"

பிலோமினா அறுபது வயதுவரை அந்தத் தெருக்களில், முகம் நிறையச் சுருக்கத்தோடு, சுருக்கம் போகும் கிரீமை விற்றாள், நன்றாகவே விற்றது.