வயிற்றில் விழுந்த விரை

என் வயிற்றுக்கு என்ன வந்தது என்று தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது? கல்யாண வீட்டில் பாயசத்தை ஒதுக்கினால் உடனே காரணம் கேட்பதா? நான் எத்தனை தரம் எழுந்து வெளியே போனேன் என்று வேறு எண்ணியிருக்கிறாய். சரி, சொல்கிறேன். முதலில் இலையை மூடு.

வண்டிப்பெரியார் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் நான். மகளைப் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கட்டிக்கொடுத்தேன். இங்கிருந்து கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று ஏறி இறங்கினால் ஒரு பகல் போய்விடும். அவள் இரண்டாவது முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். தலைப்பிரசவம்தானே தாய் வீட்டில்? இரண்டாவது அங்கேயேதான். ஆனாலும், "பிள்ளையக் குளிப்பாட்ட நீ வந்துரணும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வருகிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

திரும்பி வரும்போது ஒரு பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் வாங்கினேன். விற்கிறவன் வாளித் தண்ணீரில் பழத்தை முக்கி, கீறி, மிளகாய்ப்பொடி தடவிக் கொடுத்தான். அதே வாளியில்தான் அவன் கையும் கழுவினான். பார்த்தேன்தான். பசி, தின்றேன்.

இரண்டு மாதம் கழித்து வயிறு பிடுங்க ஆரம்பித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதிதாக வந்த டாக்டர், சின்னப் பெண், மலையாளத்தில் சொன்னாள்:

"அம்மச்சி, வயற்றில் விரயா. ஈ குளிக கழிக்கணும்."

குளிக என்றால் மாத்திரை, கழிப்பது என்றால் அவர்களுக்குச் சாப்பிடுவது. அது எனக்குத் தெரியும். அப்போதிருந்து எனக்கும் சாப்பிடுவதும் கழிப்பதும் ஒன்றாகத்தான் போயிற்று. ஆனால் அந்த 'விர' தெரியவில்லை. எங்கள் வீட்டில் பூச்சி என்றால் பூச்சி, விரை என்றால் விதை. நெல் விரை, அவரை விரை. கொய்யா விதை உள்ளே தங்கிவிட்டது என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். பின்னால் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். மலையாளம் தெரியாது என்று அவர்களைக் கேலி செய்தே வளர்ந்த வாய் இது. எப்படித் திறக்கும்?

விதைக்கு எதற்கு மாத்திரை? விளக்கெண்ணெய் குடித்தால் தானே வந்துவிடும் என்று குடித்தேன், வாரம் தவறாமல். மாத்திரையை வீணாக்குவானேன் என்று வாடிக் கிடந்த ஆட்டுக்கு வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தேன். ஆடு ஒரே மாதத்தில் தளதளவென்று ஆயிற்று. நான் எலும்பானேன். கொழுந்துக் கூடையோடு மலை ஏறினால் கண் இருட்டும். காட்டுக்குள்ளே கக்கூஸ் ஏது? செடி மறைவுக்கு ஓடுவேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தாலே மூக்கைப் பிடிப்பான்.

மகளுக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது, ஒரு நாள் காலையில், அந்த விதை வெளியே விழுந்து நெளிந்தது. ஒரு சாண் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி, 'விர' என்றால் வயிற்றுப் பூச்சி என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். மருந்து கொடுத்தார்கள். பூச்சியெல்லாம் போய்விட்டது. போனது அது மட்டும்தான். ரத்தம் பாதிதான் இருக்கிறது, குடலும் புண்ணாகிக் கிடக்கிறது, எப்போது ஆறும் என்று சொல்ல முடியாது என்றார்கள். பால் ஒரு மடக்கு உள்ளே போனால் போதும், ஓட வேண்டும். ஊருக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுத்தவளுக்கு ஒரு பால் டீ கிடையாது.

மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. சம்பந்தி போன் பண்ணினாள்.

"ஏனுங்க சம்பந்தி, எப்பங்க வர்றீங்க? உங்க புள்ள வாசலையே பாத்துட்டுக் கெடக்கறாளுங்க."

முதல் நாளே பட்டினி கிடந்தேன். மறுநாள் பஸ் ஏறினேன். குமுளி தாண்டி மலை இறங்கும்போது வயிறு இரைந்தது. நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். இரண்டு வளைவு போவதற்குள் மறுபடியும் நிறுத்தச் சொன்னேன்.

"பாட்டி, ஒங்க வயித்துக்கா வண்டி ஓட்டுறோம்?" என்றான் கண்டக்டர். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்றாம் தரம் சொல்ல வெட்கப்பட்டு அடக்கினேன். அடங்கவில்லை.

கம்பத்தில் இறங்கி, கட்டணக் கழிப்பிடத்தில் சேலையை அலசி, மாற்றுச் சேலை கட்டிக்கொண்டேன். பொள்ளாச்சி பஸ் கண்ணெதிரே நின்றது. அதில் ஏறக் கால் வரவில்லை. கழிப்பிடத்து வாசலிலேயே உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டேன். உடம்பு சரியில்லை என்றேன். எதனால் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஊரையே வாயால் ஆட்டி வைத்தவள், பெற்ற மகளிடம் ஊமையானேன்.

"ஒனக்கு வர மனசில்லம்மா. அத நேராச் சொல்லு," என்று வைத்துவிட்டாள்.

முப்பது நாளும் சம்பந்திதான் குளிப்பாட்டினாள். மகள் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. நான் போட்டால் மருமகன் எடுத்து, தூங்குகிறாள் என்பார். பிள்ளையின் படம்கூட இன்றுவரை வரவில்லை.

கம்பத்திலிருந்து அன்று சாயங்காலமே நான் லயத்துக்குத் திரும்பியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். என்னடி, போன காலோடு வந்து நிற்கிறாய் என்றார்கள்.

"சம்பந்தி தங்கமான மனுசிடீ. 'நீங்க எதுக்கு அலையுறீங்க, எம்பேரன நான் பாத்துக்கிடுறேன்'னு பாதி வழியில போன் போட்டுட்டா. மறுத்துப் பேசினா மொறையா இருக்குமா?" என்றேன்.

பிள்ளை யார் சாடை என்று கேட்டார்கள்.

"எஞ்சாடைதான். மூக்க மட்டும் அவுக அப்பாகிட்ட வாங்கிட்டான். போன்ல படம் பாத்தேன்ல," என்றேன்.