ஒன்றும் செய்ய வேண்டாத தொட்டி

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த பல் கிளினிக்கின் முன்னறையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. செடிகள் அடர்ந்த தொட்டி. அதன் கண்ணாடியில் மூன்று மொழிகளில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ‘கை வைக்காதீர்.’ எழுதி ஒட்டியவர் அக்கா, எங்கள் மூத்த தாதி. நோயாளிகளுக்காக ஒட்டியது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்காக ஒட்டியது என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். இப்போது அந்தக் கிளினிக் இல்லை, அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள்.

என் கை சும்மா இருக்காது. அன்றும் இல்லை, ஐம்பதைத் தாண்டிய இன்றும் இல்லை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்தபடி ஒரே கோப்புகளை நாளுக்கு நாலு முறை அடுக்குவேன். அம்மா, “கால்ல சக்கரம், கையில அரிப்பு, வாயில பூட்டு இல்ல” என்று மூன்றையும் சேர்த்தே திட்டுவாள். அந்த மூன்றாவதுதான் அக்காவுக்கு நான் செய்த கேட்டுக்குக் காரணம்.

அக்காவின் கணவருக்குத் திடீரென்று ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பல வருட வேலையை அக்கா ஒரே வாரத்தில் விட்டுவிட்டுக் கிள்ளான் வீட்டோடு தங்கிவிட்டார். துணைக்குக் கேரி தீவிலிருந்து நாத்தனார் வந்து சேர்ந்தார். கெட்டவர் இல்லை, தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவர். காய்கறி வாங்கப் பாசாருக்கு அவரே போவார், மருந்துக்கும் அவரே போவார். அக்கா மட்டும் தம்பியின் கட்டிலை விட்டு நகரக் கூடாது. அக்கா வாசல் தாண்ட மிஞ்சியிருந்தது ஒரே ஒரு காரணம்தான், இந்தத் தொட்டி. ‘டாக்டரோட தொட்டி, என்னைத் தவிர யாருக்கும் பார்க்கத் தெரியாது, ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை கண்டிப்பா போகணும்’ என்று வீட்டில் சொல்லியிருந்தார். இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

உண்மையில் அந்தத் தொட்டிக்கு அவர் தேவையே இல்லை. வேலையை விடும் முன் கடைசி இரண்டு நாளில் அக்கா அதை அப்படி மாற்றிவைத்தார். கிடுகிடுவென்று வளர்ந்து வாரம் ஒருமுறை வெட்டச் சொல்லும் செடிகளை எல்லாம் பிடுங்கிக் கொடுத்துவிட்டார். கட்டையில் கட்டிவிட்டால் தன்பாட்டுக்குக் கிடக்கும் ஜாவா ஃபெர்ன், மணலில் வேர்விட்டு மெல்ல வளரும் ஒரு பழுப்பு இலைச் செடி, வெளியே தொங்கியபடி வேரை மட்டும் தண்ணீரில் விட்டு அழுக்கை உறிஞ்சும் மணி பிளான்ட் ஆகியவற்றை மட்டும் விட்டுவைத்தார். மீன்களில் பாதியைத் தெரிந்தவருக்குக் கொடுத்தார். விளக்குக்கு டைமர் வைத்து ஆறு மணி நேரமாகக் குறைத்தார். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் ஒரு சிட்டிகைத் தீனி. குறையும் தண்ணீருக்குப் பதில், குளோரின் போக ஒருநாள் முழுக்க வாளியில் நின்ற தண்ணீர், அதுவும் கொஞ்சம்தான். “பட்டினியில செத்த மீனைவிட, பாவம்னு தீனி போட்டுச் செத்த மீன்தான் ஜாஸ்தி லா” என்பார். அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் யாராவது தொட்டி வைக்கலாமா என்று என்னிடம் கேட்டால் இன்றும் இதையேதான் சொல்கிறேன். எல்லாவற்றையும் குறையுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். சொல்வது சுலபம்.

சனிக்கிழமைகளில் கொமுட்டர் ரயில் பிடித்துப் பத்து மணிக்கு வருவார். பழுத்த இலை ஒன்றிரண்டைக் கிள்ளுவார். ஐந்து நிமிட வேலை. பிறகு பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக் தேநீரில் உறிஞ்சுகுழலைப் போட்டுக்கொண்டு தொட்டி எதிரே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். எனக்கோ இருப்புக் கொள்ளாது. குச்சியைக் கொண்டு வரவா, துணியைக் கொண்டு வரவா என்று சுற்றிச் சுற்றி வருவேன்.

“அக்கா, அப்படி என்னதான் பார்க்கிறீங்க?”

“தண்ணியத்தான். அது என்னை ஒருதடவகூடக் கூப்பிடல பாரு.”

ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டுப் போனேன். மரமண்டை.

தண்ணீர் வெட்டு என்று அறிவிப்பு வந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் பதறுவதில்லை, வாளியைத்தான் தேடுவோம். அந்த முறை நாலு நாள் வெட்டு. வாளித் தண்ணீரெல்லாம் நோயாளிகளுக்கே போனது, தொட்டி இரண்டு விரல் இறங்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஐந்தாம் நாள் குழாயில் தண்ணீர் வந்ததுதான் தாமதம், பாதித் தொட்டியை இறைத்துவிட்டு அந்தத் தண்ணீரையே பிடித்து ஊற்றினேன். வெட்டுக்குப் பிறகு வரும் முதல் தண்ணீரில் குளோரின் நெடி மூக்கைத் துளைக்கும், அதை யாரும் அன்று குடிக்கக்கூட மாட்டோம். மீனுக்கு ஊற்றும்போது அது என் புத்தியில் ஏறவில்லை. சாயங்காலத்துக்குள் ஏழு மீன் மிதந்தது. பழுப்பு இலைகள் கூழாகக் கரைந்தன.

அடுத்த சனிக்கிழமை அக்கா பார்த்தார். திட்டவில்லை. “வேர் இருக்கு. நீ மட்டும் பக்கத்துல போகாத புள்ள, தானா வரும்” என்றார். நான் சபதம் போட்டேன். அடுத்த இரண்டு வாரம் கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். அக்கா சொன்னபடியே மணலிலிருந்து புது இலைகள் கிளம்பின, நகம் அளவுக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அக்காவின் கைப்பேசிக்கு அழைத்தேன். அக்கா கணவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார், எடுத்தது நாத்தனார்.

“ஆன்டி, அக்காகிட்ட சொல்லுங்க, தொட்டி பிரமாதமா வந்திருச்சு. அதுக்கு ஒண்ணுமே செய்ய வேணாம் ஆன்டி, சும்மா விட்டாலே போதும். இனிமே அக்கா வெயில்ல ரயில் ஏறி அலைய வேணாம், நானே பார்த்துக்கிறேன்.”



“ஒண்ணுமே செய்ய வேணாமா? அப்ப ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ போயி என்ன செஞ்சிட்டு வர்றா?”

அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஐயோ, மென்று விழுங்கினேன், ஏதோ உளறினேன். எதுவும் எடுபடவில்லை.

அந்தச் சனிக்கிழமை அக்கா வரவில்லை. அதற்கு அடுத்த முறையும் வரவில்லை. கூப்பிட்டால் நாத்தனார்தான் எடுத்தார். தொட்டியோ, பாழாய்ப் போனது, நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே போனது. காலி நாற்காலியையும் அதையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். நல்லது செய்கிறேன் என்று ஒரு மனுஷியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேனே என்று அழுகை முட்டும்.

ஒரு திங்கட்கிழமை காலை டைமரைப் பிடுங்கி எறிந்தேன். விளக்கு இரவும் பகலும் எரிந்தது. சன்னல் திரையை ஏற்றி வெயிலையும் உள்ளே விட்டேன். செடி உரப் புட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக முழுவதும் கவிழ்த்தேன். மீன் சாகக் கூடாது, தொட்டி மட்டும் நாசமாக வேண்டும். வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறு இல்லை. பன்னிரண்டாம் நாள் தண்ணீர் பச்சைக் குழம்பாக நின்றது. “என்ன இது, லொங்காங் சாக்கடை மாதிரி! அவங்கள வரச் சொல்லும்மா” என்று டாக்டரே கத்தினார். எனக்கு வேண்டியது அதுதான். படம் எடுத்து அனுப்பி, கூடவே கூப்பிட்டும் சொன்னேன்: “ஆன்டி, நான் அன்னைக்குத் தெரியாம சொல்லிட்டேன். டாக்டர் சத்தம் போடுறாரு, அக்கா வந்தாத்தான் ஆகும்.”

அக்கா வந்தார். இளைத்திருந்தார். தொட்டியைப் பார்த்தார், டைமர் இல்லாத பிளக்கைப் பார்த்தார், காலிப் புட்டியை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

“எத்தன நாளா லைட்ட அணைக்கல?”

“பன்னெண்டு.”

சிரிக்க ஆரம்பித்தார். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த நோயாளியும் வலியோடு சேர்ந்து சிரிக்கும் அளவுக்குச் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “என் வாய்தான் அக்கா எல்லாத்துக்கும் காரணம்” என்று அழுதேன். “தவளை தன் வாயால கெடும்பாங்க. உன் வாயால நான்தானே புள்ள கெட்டேன்” என்று தலையில் குட்டினார்.

அப்போது அவர் கைப்பேசி அடித்தது. நாத்தனார்தான். அக்கா பச்சைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, சலிப்பான குரலில் பேசினார்.

“ஆமா அண்ணி, ரொம்ப மோசமாத்தான் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ வந்தா இனி பத்தாது. வாரா வாரம் வரணும் போல.”

நாலு நாள் விளக்கை அணைத்து, கம்பளியால் மூடி வைத்ததில் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது. கிள்ளான் வீட்டில் அக்கா சொல்லும் கதையில் மட்டும் அது மூன்று வருடம், அவர் கணவர் கண்ணை மூடும் வரைக்கும், பச்சையாகவே இருந்தது.