முதலாளியின் கைராசி விரல்

தேனியில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் மொத்த வியாபாரம் செய்யும் முதலாளியிடம் நான் இணைய விளம்பர வேலை பார்க்கிறேன். அவரிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர்கள் ஊருக்கு ஒருவராக ஆறு பேர். போனில் ஊர்ப் பெயரைப் போட்டு யாராவது பைப் தேடினால், அந்த ஊர்க் கடை மேலே வந்து நிற்க வேண்டும். விளம்பரத்தை ஒருவர் தொட்டால் முதலாளிக்குச் செலவு. நாளுக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. அது தீர்ந்ததும் விளம்பரம் மறுநாள் வரை மறைந்துவிடும்.

முதல் மாதம் தொட்டவர்கள் ஏராளம், அதைப் பார்த்துக் கடைக்கு வந்தவர் ஒருவரும் இல்லை. முதலாளி கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த மாசமும் ஒரு ஆளு வரலைன்னா, நீ கீழ குடோனுக்குப் போயி எல்போ எண்ணு."

கம்ப்யூட்டர் வேலை என்று சொந்தபந்தம் முழுக்கப் பீற்றி வைத்திருந்தேன். குழாய் முட்டி எண்ணுகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

கணினியில் துருவிப் பார்த்ததில் ஓர் அதிசயம் அகப்பட்டது. தொட்டவர்கள் எல்லாம் காலை நல்ல நேரத்தில்தான் தொட்டிருந்தார்கள். திங்கட்கிழமை ராகு காலத்தில் ஈ காக்கை இல்லை. ஒன்பது மணி தாண்டியதும் திபுதிபுவென்று கூட்டம். 'நம் விவசாயிகள் பஞ்சாங்கம் பார்த்தே பைப் தேடுகிறார்கள்' என்று வண்ணப் படம் போட்டு அறிக்கை கொடுத்தேன். முதலாளி மெச்சித் தலையாட்டினார். என் அறிவை நினைத்து எனக்கே புல்லரித்தது.

மறுநாள் விளம்பரத்துக்குப் படம் எடுக்க, ஆறில் ஒன்றான ஓடைப்பட்டிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சூடம் காட்டினார், போனை எடுத்தார், தன் கடை விளம்பரத்தையே தேடிப் பிடித்து அமுக்கினார். பிறகு போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என்னண்ணே செய்றீக?"

"போணி தாயி. கடைக்கு மொத யாவாரம் நல்ல கையில ஆகணும்னா, விளம்பரத்துக்கும் அப்படித்தான? நான் ஒண்ணு, வீட்டுக்காரி ஒண்ணு, மச்சினன் மூணு. ஆனா மொதலாளி கைதான் ராசிக் கை. ஆறு கடைக்கும் அவுகதான் அங்கன இருந்தே அமுக்கி விடுவாக. ஒரே போனுல அமுக்குனா சேராதுன்னு, குடோன் ஆளுக போனெல்லாம் வாங்கி அமுக்குவாக."

தினமும் காலையில் என் போனையும்தானே முதலாளி வாங்குகிறார்! ராசிபலன் பார்க்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன். பத்தரை மணிக்கெல்லாம் அன்றைய அளவு தீர்ந்துவிடும். தோட்டத்து வேலை முடித்து மத்தியானம் தேடும் விவசாயிக்கு எங்கள் விளம்பரமே கிடையாது.

முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"மொதலாளி, நம்ம கடைச் சரக்க நாமளே வாங்குனா அது போணியா?"

பத்தரைக்கே அளவு தீர்ந்துபோன கணக்கைத் திறந்து காட்டினேன். அவர் தன் பெருவிரலைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கைய வச்சு நான் என்னதான் செய்ய?"

"காலையில கடைக்கு ஒரு போன் போட்டு வாழ்த்துங்க. அதுவும் போணிதான்."

விளம்பரத்தைத் தொடுவதை முதலாளியும் ஆறு கடைக்காரர்களும் நிறுத்தினார்கள். ஆனால் அடுத்தவர் போனை வாங்கும் பழக்கம் முதலாளிக்கு விடவில்லை. கையில் கிடைத்தவர் போனிலிருந்தெல்லாம் கடைகளைக் கூப்பிட்டு வாழ்த்தினார். தெரியாத நம்பர் வந்தால் மொதலாளிதான் என்று கடைக்காரர்களும் பழகிக்கொண்டார்கள்.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. ஒருவர்கூட வரவில்லை. குடோன் படிக்கட்டை நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓடைப்பட்டியிலிருந்து போன்.

"தாயி, இங்கன ஒருத்தர் வந்து கன்னாபின்னான்னு வையிறாரு. காலையில மூணு தடவ போன் போட்டாராம். நான் மொதலாளின்னு நெனச்சு, 'போணி ஆயிருச்சு, சந்தோசம்'னு சொல்லி வச்சுப்புட்டேன்."

"அவருக்கு நம்ம நம்பர் எப்படிண்ணே கெடச்சுது?"

"விளம்பரத்துல பாத்தாராம். அதையும் சொல்லித்தான் வையிறாரு. திராட்சைத் தோட்டத்துக்குப் பைப் வேணுமாம்."

ஓடிப் போய் ஸ்பீக்கரில் போட்டு முதலாளி முன்னால் வைத்தேன். அவ்வளவு இனிமையான வசவை நான் அதுவரை கேட்டதில்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முதலாளி கண்ணை மூடி, கடைசி வசவு வரை பயபக்தியோடு கேட்டார்.

"போம்மா, போயி வேலையப் பாரு. எல்போவ நானே எண்ணிக்கிறேன்," என்றார். "இந்தக் கைக்கும் ஒரு வேலை வேணும்ல."