'ள்' போட்ட பூச்செண்டு

யாழ்ப்பாணத்தில ஒரு அரசாங்கக் கந்தோரில இருந்துகொண்டு மற்றாக்களின்ர படிவத்தைத் திருப்பி அனுப்புறதுதான் என்ர உத்தியோகம். நியமனக் கடிதத்தில வேறை என்னவோ பேர் போட்டிருக்கு. செய்யிற வேலை இதுதான். முழுப்பெயர் எழுதேல்லையோ, திருப்பு. முகவரி விளங்கேல்லையோ, திருப்பு. ஒருக்கா ஒரு வயசுபோன மனிசி, "ஐயா, சின்னக்கா எண்டால்தான் எங்கட ஊரில எல்லாருக்கும் தெரியும்" எண்டு கெஞ்சினது. "அரசாங்கத்துக்குச் சின்னக்காவையும் தெரியாது, பெரியக்காவையும் தெரியாது" எண்டனான். பக்கத்து மேசைக்காறர் விழுந்து விழுந்து சிரிச்சினம். எனக்கும் பெருமையாத்தான் இருந்தது.

அப்பிடிப்பட்ட துரை ஒரு படிவத்தைப் பிழையா நிரப்பி ஊர் முழுக்க நாறின கதைதான் இது.

என்ர அம்மா நயினாதீவில அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில தனிய இருக்கிறா. அப்பா இல்லை. யாழ்ப்பாணத்தில இருந்து குறிகட்டுவானுக்கு பஸ், அங்கயிருந்து வள்ளம், இறங்கி நடந்தால் வீடு. காலமை வெளிக்கிட்டால் மத்தியானச் சமையலுக்கு முதல் போய்ச் சேரலாம். நான் போறதில்லை. ஆனால் கலியாண வீடுகளில கனடாக்காறரைக் கண்டால், "தாய் தேப்பனைத் தனிய விட்டிட்டுப் போய்ப் பனிக்குள்ள என்னத்தைக் கண்டியள்?" எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு கேப்பன்.

அப்பாவின்ர திவசம் வந்தது. அண்டைக்குப் பாத்து எங்கட கந்தோர்ச் சனம் நுவரெலியாவுக்குச் சுற்றுலா வெளிக்கிட்டுது. "அம்மா, ஒரு பயிற்சி வகுப்பு, கட்டாயம் போகவேணுமாம், சரியான கரைச்சல்" எண்டு ரெலிபோனில மூக்கால அழுதன். "வேலையெண்டால் என்ன செய்யிறது மோனே. ஐயருக்கு அரிசி காய்கறி குடுத்து நான் சமாளிக்கிறன்" எண்டா. அந்த மனிசிக்கு என்னில அவ்வளவு நம்பிக்கை.

ரெண்டு நாள் போக, எங்கட கந்தோரில ஒரு அறிவுகெட்டது படத்தை ஃபேஸ்புக்கில போட்டுது. வாவியில, அன்னப்பட்சி மாதிரிச் செய்த மிதிவள்ளத்தில, குரங்குத் தொப்பியும் போட்டுக்கொண்டு, பல்லு முழுக்கத் தெரிய நான். அம்மாவின்ர பக்கத்து வீட்டு அக்கா போனில அதைப் பெரிசாக்கி அம்மாவுக்குக் காட்டியிருக்கிறா. அண்டையோட அம்மா என்ர ரெலிபோனை எடுக்கிறதை விட்டிட்டா. ஒரு கிழமை, ரெண்டு கிழமை, மூண்டு கிழமை. அந்த அக்காட்டச் சொல்லிவிட்டது ஒரேயொரு வசனம்: "வள்ளத்தில ஏற ஆசையெண்டால் குறிகட்டுவானிலயும் வள்ளம் ஓடுது எண்டு சொல்லு."

எனக்குச் சோறு இறங்கேல்லை. அம்மா பேசினால் தாங்குவன், தும்புத்தடியால அடிச்சாலும் தாங்குவன். கதைக்காமல் விட்டால் ஏலாது. அவ லேசுப்பட்ட ஆளில்லை. தன்ர கூடப்பிறந்த தமையனோட ஒரு வேலிச் சண்டையில கோவிச்சவ, அந்தாள் செத்துப்போகுமட்டும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. எனக்கும் அதுதான் விதியோ எண்டு உண்மையாவே பயம் பிடிச்சிட்டுது.

"நேர போய்க் காலில விழுங்கோ" எண்டா என்ர பெண்சாதி. சொல்லுறது சுகம். நேர போனால் அம்மாவின்ர முகத்தைப் பாக்கவேணுமே! அந்த நேரம்தான் போனில ஒரு விளம்பரம் வந்து விழுந்தது. புத்தம்புதுப் பூச்செண்டு, யாழ்ப்பாணம் முழுக்க, தீவுப்பகுதி உட்பட, அண்டண்டைக்கே வீட்டு வாசலில. மன்னிப்பை வள்ளத்தில ஏத்தி அனுப்பிப்போட்டு நான் ஃபானுக்குக் கீழ இருக்கலாம். கடவுள் கண் திறந்திட்டார் எண்டு நினைச்சன்.

உள்ளுக்குப் போய்ப் பாத்தால் பூவை விடக் கேள்வி கூட. என்ன விசேசம் எண்டு கேட்டுப் பெட்டி பெட்டியாப் போட்டிருந்தது: பிறந்தநாள், கலியாணநாள், பிள்ளை பிறந்தது, சுகமில்லை, துக்கம். தேப்பன்ர திவசத்துக்குப் போகாமல் மிதிவள்ளம் ஓடினவனுக்கு ஒரு பெட்டியும் இல்லை. 'மற்றவை' எண்டதை அமத்தினன். அட்டையில எழுதுற செய்திக்கு ஒரு கட்டம் இருந்தது. அதுக்குள்ள உருகி ஊத்தினன்: "அம்மா, நான் செய்தது பெரிய பாவம். என்னை மன்னிச்சு, பழையபடி என்னோட கதையுங்கோ."

பிறகு, பெறுநரின் முழுப்பெயர். நான் என்ன எழுதினன் தெரியுமோ? 'அம்மா'. பெத்த தாயின்ர பேரைச் சொல்லிப் பழகாத ஆக்கள் நாங்கள், கை வரேல்லை. முகவரி: கோயிலடி, நயினாதீவு. தொலைபேசிக்கு என்ர இலக்கத்தையே போட்டன், அம்மா எடுக்கமாட்டா தானே. இப்பிடி ஒரு படிவத்தை வேறை ஆராவது என்ர மேசைக்குக் கொண்டந்திருந்தால் மூஞ்சையில எறிஞ்சிருப்பன்.

பூக்கடைப் பிள்ளை உடனை போன் எடுத்தா. "அண்ணை, நல்ல ஜேர்பராப் பூவாப் பாத்துக் கட்டுறன். விடியத்தான் நுவரெலியாவில இருந்து வந்து இறங்கினது."

"வேறை ஊர்ப் பூ ஒண்டும் இல்லையோ தங்கச்சி?"

"எல்லாக் கடைக்கும் அங்கயிருந்துதான் அண்ணை வாறது. ஏன், நுவரெலியாப் பூவுக்கு என்ன குறை?"

அதை எப்பிடி விளங்கப்படுத்திறது? ஓமெண்டிட்டன்.

'வீட்டு வாசலில' எண்டு விளம்பரத்தில போட்டதின்ர அர்த்தம் பேந்துதான் தெரிஞ்சுது. கடைக்காறர் பூவைக் குறிகட்டுவான் பஸ் கொண்டக்டரிட்டக் குடுப்பினம். கொண்டக்டர் இறங்குதுறையில வள்ளக்காறரிட்டக் குடுப்பார். வள்ளக்காறர் அங்கால சேர்ப்பிப்பார். மருந்து, பேப்பர், கோழிக்குஞ்சு எல்லாம் காலங்காலமா எங்கட தீவுக்குப் போற வழி அதுதான். அதுக்குத்தான் இவ்வளவு எடுப்பு!

மத்தியானம் போனுக்குச் செய்தி வந்தது. "உங்கள் மலர்கள் ஒப்படைக்கப்பட்டன. பெறுநர் மகிழ்ச்சியடைந்தார்." எனக்கு வந்த சந்தோசப் புழுகத்தைப் பாக்கவேணும். பின்னேரம் வரைக்கும் போனைக் கையில வைச்சுக்கொண்டு திரிஞ்சன். அம்மாட்ட இருந்து கோல் வரேல்லை. அடுத்த நாளும் இல்லை. எனக்கு விசர் ஏறத் தொடங்கிச்சுது. "இவ்வளவு பூ அனுப்பியும் ஒரு சொல்லு இல்லை, இதென்ன நெஞ்சழுத்தம்!" எண்டு வீட்டுக்குள்ள குதிச்சன். பிழை விட்டவனும் நான், கோவிக்கிறவனும் நான். பெண்சாதி எழும்பிக் குசினிக்குள்ள போயிட்டா.

மூண்டாம் நாள் அம்மாவின்ர பக்கத்து வீட்டு அக்கா போன் எடுத்தா. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"தம்பி, நீர் அம்மாளுக்கு என்ன பாவம் செய்தனீர்?"

"என்னக்கா, தெரியாத மாதிரிக் கேக்கிறியள்? நீங்கள்தானே படத்தை அம்மாவுக்குக் காட்டினது."

"அம்மாவுக்கில்லை தம்பி, அம்மாளுக்கு! அம்மன் கோயிலில உம்மட பேரில பூவும் மன்னிப்புக் கடிதமும் வந்து கிடக்கு. ஊரே கதைக்குது."

அடுத்த நாள் காலமை பஸ் ஏறினன். அல்லைப்பிட்டி கடக்குமட்டும் பூக்கடைக்காறரைத் திட்டினன், அதுக்குப் பிறகு கொண்டக்டரைத் திட்டினன். குறிகட்டுவானில வள்ளத்தில ஏறி, பாதுகாப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, வள்ளக்காறரிட்டப் போய், "அண்ணை, ஒரு பூச்செண்டு கொண்டு போனது நீங்களோ?" எண்டு கேட்டன்.

"ஓம், நான்தான். வடிவான பூ. ஆனால் தம்பி, கந்தோரில வேலை பாக்கிற ஆள் நீர், அம்மாள் எண்டு எழுதத் தெரியாதோ? கடைசி 'ள்' ஐ விட்டிட்டீர். பாத்தால் வெக்கக்கேடா இருந்தது. நான்தான் பேனை வாங்கி 'ள்' போட்டு, நேர கோயிலில குடுத்தனான்."

"அண்ணை, அது என்ர அம்மாவுக்கு."

அவர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். "உம்மட அம்மாவெண்டால் அவவின்ர பேரையல்லோ போட்டிருப்பீர். பேரும் இல்லாமல் அம்மா எண்டு போட்டு, கோயிலடி எண்டும் போட்டால் நயினாதீவில அது ஆர்? நீரே சொல்லும் பாப்பம்."

என்ர வாயாலயே எத்தினை பேரை மடக்கின கேள்வி. என்னைத் திருப்பி இறக்கிவிடாமல் ஏத்திக்கொண்டு போனாரே, அதுவே பெரிய காரியம்.

கோயிலில ஐயர் பொலித்தீனையும் றிபனையும் கழட்டிப்போட்டுப் பூவை அம்மாளுக்கு முன்னால வடிவா வைச்சிருந்தார். கதையைக் கேட்டுப்போட்டு, "சாத்தின பூவைத் திருப்பித் தர ஏலாது, அட்டையைக் கொண்டு போம்" எண்டு தந்தார். அட்டை விளிம்பெல்லாம் ஊத்தை. எத்தினை கை பட்டுதோ ஆருக்குத் தெரியும். வெளியில வர, கச்சான் கடலை விக்கிற அக்கா கையைப் பிடிச்சு நிப்பாட்டினா. நான் உண்டியலில கை வைச்சிட்டன் எண்டு ஒரு பகுதி கதைக்குதாம், எனக்கு மண்டை பிசகிப்போச்செண்டு மற்றப் பகுதி கதைக்குதாம்.

"நான் ரெண்டையும் நம்பேல்லைத் தம்பி. 'பழையபடி என்னோட கதையுங்கோ' எண்டு எழுதியிருக்கிறீர். அப்ப அம்மாள் முந்தி உம்மோட கதைக்கிறவவோ?"

நான் கையை இழுத்தன், அவ விடேல்லை.

"திரும்பக் கதைச்சாவெண்டால், என்ர மோளுக்குக் கலியாணம் எப்ப சரிவரும் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுமன்," எண்டு ஒரு சுருள் கச்சானையும் கையில வைச்சா.

கச்சானோடயும் அட்டையோடயும் வீட்டுப் படலையைத் திறந்தன். அம்மா முத்தத்தில பாயை விரிச்சுப் பனங்கிழங்கு ஒடியல் காயப்போட்டுக்கொண்டிருந்தா. நிமிந்து பாக்கேல்லை. நான் கிட்டப் போய் அட்டையை நீட்டினன்.

"ஊர் முழுக்க வாசிச்சு முடிஞ்சுது. எனக்கேன்?"

கிட்டத்தட்ட ஒரு மாசத்துக்குப் பிறகு அம்மா என்னோட கதைச்ச முதல் சொல்லு. அதைக் கேக்க எனக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு சொன்னால் நம்பமாட்டியள்.

"அம்மாள் மன்னிச்சிட்டாவோ?" எண்டு கேட்டா.

"அம்மா, அது உங்களுக்குத்தான்..."

"எங்கத்தைப் பூவாம்?"

ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிப்போட்டு, "நுவரெலியா" எண்டன்.

அம்மாவின்ர வாய்க்கடை ஆடினது. சிரிக்கப்போறா எண்டு நினைச்சு நானும் கொஞ்சம் பல்லைக் காட்டினன். அவ சிரிக்கேல்லை. ஒரு ஒடியலை எடுத்துப் புரட்டிப் போட்டா.

"அம்மாளுக்கு ஊர்ப்பட்ட பிள்ளையள். ஒருத்தன் வராமல் பூவை அனுப்பினால் அவவுக்கு ஒண்டும் குறையாது. எனக்கு நீ ஒருத்தன்தான். நீ வராட்டில் எனக்குத் தெரியும்."

நான் கச்சானைக் கீழ வைச்சிட்டுப் பக்கத்தில குந்தி, அவவோட ஒடியலைப் புரட்டினன். அம்மா கையைத் தட்டிக்கொண்டு எழும்பி, சீலைத் தலைப்பில துடைச்சா.

"மீன்காறன் இன்னும் போகேல்லை. எந்த வள்ளத்தில திரும்பிறாய் எண்டு சொன்னால், எவ்வளவு வாங்கிறதெண்டு பாக்கலாம்."

நான் கந்தோரில அரைநாள் லீவுதான் எழுதிக் குடுத்திட்டு வந்தனான். அடுத்த வள்ளத்தைப் பிடிக்கவேணும். அம்மா பதிலுக்காக என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டா.