யாருக்கும் இல்லாத நாள்

தேசப்பனைப் போல ஒரு யோக்கியரை மூன்று குப்பத்திலும் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. அந்த யோக்கியத்தால்தான் மூன்று குப்பத்துக்கும் ஏழரை பிடித்தது.

பழவேற்காடு ஏரிக் கரையில், எதிரே பசியாவரம் தெரிகிற இடத்தில், சவுக்குத்துறை என்று ஒரு வளைவு. முழங்காலிலிருந்து இடுப்பு வரைதான் தண்ணீர். இறால் வந்து ஒதுங்குகிற இடம் என்பதால் வடக்குக் குப்பம், நடுக் குப்பம், தெற்குக் குப்பம் மூன்றுக்கும் அதன்மேல் கண். அடித்துக்கொண்டு சாகாமல் இருக்க முறை வைத்திருந்தார்கள். முதல் நாள் வடக்கு, மறுநாள் நடு, மூன்றாம் நாள் தெற்கு. ஒரு ஊருக்கு வருகிற முறைக்குப் பாடு என்று பெயர். நாலாவது நாள் யாருக்கும் பாடு கிடையாது. அன்றைக்குத் தண்ணீர் ஆற வேண்டும். வலை இறக்கக்கூடாது, கால் வைக்கக்கூடாது, ‘இது எங்க இடம்’ என்று வாயால்கூடச் சொல்லக்கூடாது.

அந்த முறையைச் சொல்கிற வேலை தெற்குக் குப்பத்துத் தேசப்பனுடையது. இருபத்திரண்டு வருஷமாகத் தினம் சாயங்காலம் அம்மன் கோயில் வாசலில் நின்று, ‘நாளைக்கு வடக்குப் பாடு’, ‘நாளைக்கு நடுப் பாடு’ என்று குரல் கொடுப்பார். காய்ச்சலில் படுத்திருந்தபோது கட்டிலோடு தூக்கிவந்து வைக்கச் சொன்னவர். இந்த நேர்மைக்கு ஊர் கொடுத்த பரிசையும் சொல்ல வேண்டும். வார்டு தேர்தலில் நின்றார். மொத்தம் பதினேழு ஓட்டு விழுந்தது. அதில் வீட்டு ஓட்டு மூன்று விழுந்ததா என்பது இன்றுவரை சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. மகன் தீனா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். முதல் சம்பளத்தில் போன் வாங்கிக்கொண்டு வந்து, சவுக்குத்துறைக் கரையில் நின்று அம்மாவைப் படம் எடுத்தான். கை வழுக்கிப் போன் தண்ணீரில் விழுந்தது. கணுக்கால் ஆழம்தான், குனிந்தால் கைக்கு எட்டும். ஆனால் அன்று நாலாவது நாள்.

“இன்னிக்கு யாருக்கும் பாடு இல்ல. நாளைக்கு வெடிஞ்சதும் எடுத்துக்கோ” என்றார் தேசப்பன்.

“நைனா, லைட்டு எரியுது பாரு. இன்னும் உசிரு இருக்குது.”

“எரியட்டும். நானே முறை சொல்லிட்டு எம்புள்ளைய நானே எறக்கி வுட்டா, நாளைக்கு எவன் மதிப்பான்?”

உப்புத் தண்ணீருக்குள் அந்தப் போன் கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு அணைந்தது. மறுநாள் விடிந்ததும் தீனா இறங்கி, முறைப்படி, சட்டப்படி, அதன் பிணத்தை எடுத்துக்கொண்டான். மனைவி இருசம்மாள் இரண்டு வாரம் புருஷனுக்குச் சோற்றைத் தள்ளிவைத்த வேகத்தில் தட்டு நெளிந்துபோனது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் சென்னையிலிருந்து ஒரு படிவம் வந்து சேர்ந்தது.

நகரத்து மக்களுக்கு மூச்சு முட்டுகிறதாம். அவர்கள் வார இறுதியில் வந்து காற்று வாங்க ஏரிக்கரைப் பொழுதுபோக்கு மற்றும் பொது அணுகல் திட்டம் என்று ஒன்று தீட்டினார்கள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நமக்கே மூச்சு முட்டும். கணக்கெடுக்க வந்தவள் மோகனப்பிரியா. திட்டம் வரைகிற கம்பெனியில் வேலை. தலையில் தொப்பி, கையில் அட்டை, நல்ல பெண். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே நாளில் ஏழு இடம் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவள் வந்த நாளும் நாலாவது நாள்தான். மனுஷ நடமாட்டம் இல்லை, படகு இல்லை, ஒரு கழிகூட நட்டிருக்கவில்லை. மேட்டில் சவுக்கு நிழலில் தேசப்பன் மட்டும் வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, இந்த எடம் யாருது?”

“இன்னிக்கு இது யாருக்கும் சொந்தமில்லம்மா.”

“யாரும் யூஸ் பண்றதில்லையா?”

“இன்னிக்கு ஒருத்தரும் கால் வைக்க மாட்டாங்க. நாளைக்கு வா, வெவரமா சொல்றேன்.”

நாளைக்கு அவள் வேறொரு ஏரிக்குப் போக வேண்டியிருந்தது. படிவத்தில் ‘இன்னிக்கு’ என்று எழுத ஒரு கட்டமும் இல்லை. ‘உரிமையாளர்: எவருமில்லை. பயன்பாடு: இல்லை’ என்று நிரப்பி நீட்டினாள். தேசப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அன்றைய தேதியும் மேலே இருந்தது. அந்தத் தேதிக்கு அது அப்பட்டமான உண்மை. அழகாகக் கையெழுத்துப் போட்டு, அந்தப் பெண்ணுக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

நாலு மாதம் கழித்து, சவுக்கு மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பெரிய படம் கட்டினார்கள். அடடா, அந்தப் படத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். சவுக்குத்துறை முழுக்க டைல்ஸ். நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஒரு வெள்ளைக்காரி. பலூன் வைத்திருக்கிற குழந்தை. தண்ணீரில் துடுப்புப் போட்டுப் போகிற ஆரஞ்சுக் கலர் கயாக் படகுகள். மீன் பிடிக்கிற மனிதன் ஒருத்தன்கூட இல்லை. சும்மா சொல்லக்கூடாது, மீனவர்களை அடியோடு மறந்துவிட்டார்கள் என்று பழி போட முடியாது. ஒரு பழைய படகைக் குறுக்கே அறுத்து, மண் கொட்டி, அதில் செவ்வந்திப்பூ நட்டிருந்தார்கள்.

பொதுமக்கள் வந்து போவதற்காகச் சுற்றிலும் கம்பி வேலி போடுவார்களாம். ஏற்கெனவே வந்து போகிற பொதுமக்கள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சேறு மட்டும் விளைகிற ஓர் இடத்துக்குப் போய்க்கொள்ளலாம். அதற்குப் பெயர் மாற்று ஏற்பாடு.

கையெழுத்து யாருடையது என்று தெரிந்த அன்று இருசம்மாள் வீட்டு வாசலில் நின்று கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டாள்.

“எம்புள்ள போனை எடுக்க வுடல நீ. ஊரான் வந்து ஏரியவே எடுத்துக்குனு போறான், அவனுக்குக் கையெழுத்துப் போட்டு டீ வாங்கிக் குடுத்தியா?”

“நான் பொய் சொல்லலியே.”

“அது தான்யா என் வவுத்தெரிச்சலு.”

அதோடு அவள் பேச்சை நிறுத்தினாள். இரண்டு வாரம் அல்ல, மாசக்கணக்கில். பாடு உள்ள நாளெல்லாம் அந்தக் கரையில்தான் அவள் இறாலைத் தரம் பிரித்து வியாபாரிக்குப் போடுவாள். தெற்குப் பாடு அன்று தன் வீட்டு இறால், மற்ற நாளில் மற்ற ஊர்க்காரர்களுடையது. நாலாவது நாள் வீட்டில் இருப்பாள். வேலி வந்தால் எல்லா நாளும் நாலாவது நாள்தான். மூன்று ஊர்ப் பெரியவர்களும் தேசப்பனுக்கு அபராதம் போடக் கூடினார்கள். கூடியபின் எந்தக் குற்றத்துக்கு என்று தெரியவில்லை. முறைப்படி பேசியதற்கு முறை தவறினான் என்று எப்படிப் போடுவது? வாயில் வந்ததைத் திட்டிவிட்டுக் கலைந்தார்கள். அன்று சாயங்காலமும் அவர் கோயில் வாசலில் நின்று குரல் கொடுத்தார். கேட்க ஒருவரும் வெளியே வரவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆளுக்கு இரண்டு பிஸ்கட். மேடையில் திட்ட அதிகாரி ஹரிஹரன், பக்கத்தில் மோகனப்பிரியா. ஹரிஹரன் கெட்டவர் அல்ல. எல்லோரையும் பேசவிட்டு, எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் புன்னகை செய்யத் தெரிந்தவர். கடைசியில் படிவத்தை உயர்த்திக் காட்டினார்.

“தேசப்பன் யாரு? இது உங்க கையெழுத்து தானே பெரியவரே?”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்தான். ஆனாலும் தேசப்பனுக்கு எதுதான் வந்தாலும் பொய் வராது.

“என்னுது தான் சார். ஆனா அன்னிக்கு நாலாவது நாளு.” எழுந்து நின்று மூன்று ஊர் முறையையும் நாலாவது நாளையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மோகனப்பிரியா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் கறுத்தது.

ஹரிஹரனுக்கோ முகம் மலர்ந்தது. “ரொம்ப நல்லதாப் போச்சு. மூணு நாள் நீங்க புடிங்க. நாலாவது நாள் சும்மா தானே கெடக்குது? அதைப் பொதுமக்களுக்குக் குடுத்துடுங்க. வேலியே வேணாம்.”

மண்டபம் கைதட்டியது. நடுக் குப்பத்துப் பெரியவர் உலகநாதன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். போன உயிர் திரும்பி வந்த சந்தோஷம் எல்லோருக்கும். இங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தேசப்பன் நல்ல பேரோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“அது முடியாது சார்” என்றார்.

கைதட்டல் நின்றது. உலகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு, “யோவ், கம்னு குந்துய்யா” என்றார்.

“யாருக்கும் இல்லாத நாளுன்னா அது உங்களுக்கும் இல்ல சார், எங்களுக்கும் இல்ல. எங்களுது இல்லாததை நாங்க எப்டிக் குடுக்கறது? அன்னிக்குத் தண்ணி கலங்காம இருந்தா தான் மறுநாள் எறா ஒதுங்கும். உங்களுக்கு எடம் வேணும்னா எங்கள மாதிரி முறைக்கு வாங்க. வடக்கு, நடு, தெற்கு. நாலாவது பாடு உங்களுது, வேலி கூடாது. அஞ்சாவது நாளு யாருக்கும் இல்ல.”

கணக்குத் தெரிந்தவர்கள் அவரை எரித்துவிடுவது போலப் பார்த்தார்கள். நாலு நாளைக்கு ஒரு பாடு ஐந்து நாளைக்கு ஒன்று ஆகிவிடும். இருசம்மாள் பெண்கள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் வேலிக்கு இது தேவலை. முணுமுணுத்துக்கொண்டே மூன்று ஊரும் சம்மதித்தது. ஹரிஹரனும் சிரித்துக்கொண்டே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அவரைப் பொறுத்தவரை காகிதம் கோப்பில் வைப்பதற்கு. தேசப்பனைப் பொறுத்தவரை அன்றோடு அரசாங்கமும் ஒரு குப்பம்.

மறுநாளிலிருந்து அவர் கோயில் வாசலில் அதையும் சேர்த்துச் சொன்னார்: “நாளைக்கு ஆபீஸ் பாடு.”

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். முக்கியப் பிரமுகர் ஒருவர் வருவதால் அவருடைய ஜோசியர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை. ஜோசியர் ராகு காலம் பார்த்தார், எமகண்டம் பார்த்தார். பாடு பார்க்கவில்லை. அது ஐந்தாவது நாள். தேசப்பன் மூன்று தடவை அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். மூன்று தடவையும் உட்காரவைத்து அனுப்பினார்கள்.

விழா அன்று பந்தல், மேளம், பலூன். தண்ணீர் விளிம்பில் முந்தின வாரமே கொண்டுவந்து வைத்த ஆறு ஆரஞ்சுக் கயாக்குகள். துறைக்கு இறங்குகிற மணல் பாதையின் வாயில் தேசப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பின்னால் மூன்று குப்பத்து ஜனமும் சத்தம் போடாமல் மணலில் உட்கார்ந்திருந்தது. ஆபீஸ் முறைக்காக ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தார்கள். விட்டுக்கொடுத்தவனுக்கு முறை எப்போதும் நன்றாக ஞாபகம் இருக்கும்.

ஹரிஹரன் ஓடிவந்தார். “பெரியவரே, ஒரு நாள் தானே. கேமரா எல்லாம் வந்திருக்கு.”

“நேத்து உங்க பாடு சார். நாள் பூரா தொறந்து கெடந்துது. ஒருத்தரும் வரல.”

பிரமுகர் காரிலிருந்து இறங்கி வந்துவிட்டார். உட்கார்ந்திருக்கிற கூட்டத்தையும் கேமராக்களையும் மாறி மாறிப் பார்த்தார். விவரமானவர். கோபத்தைக் காட்டாமல், கோப்போடு நின்ற மோகனப்பிரியாவிடம் கேட்டார். “இந்த எடம் யாருதும்மா?”

ஹரிஹரன் அவளைப் பார்த்த பார்வையில் அவளுடைய வேலை, அடுத்த வருஷச் சம்பள உயர்வு எல்லாம் இருந்தது. அவள் கோப்பைத் திறக்கவே இல்லை.

“இன்னிக்கு இது யாருக்கும் சொந்தமில்ல சார்” என்றாள். “நான் முதல்ல எழுதறப்போ ‘இன்னிக்கு’ங்கறதை விட்டுட்டேன். தப்பு என்னுது.”

பிரமுகர் ரிப்பனைத் தார்ச்சாலையிலேயே இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவில் கட்டச் சொல்லி, வெட்டி, கைதட்டல் வாங்கிக்கொண்டு ஏறிப் போனார். மறுநாள் பேப்பரில் படம் அருமையாக வந்திருந்தது. ஏரி மட்டும் படத்தில் இல்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் காற்று கிளம்பியது. ஒரு கயாக்கில் சாய்த்து வைத்திருந்த துடுப்பு சரிந்து தண்ணீரில் விழுந்து, கரையிலிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில் மிதந்தது. ஹரிஹரன் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கப் போனார். தேசப்பனுக்கு வாய் திறக்கத் தயக்கமாக இருந்தது. பாவம், அந்த மனிதர் ஒரே நாளில் எவ்வளவுதான் தாங்குவார்.

“சார், அங்கயே நில்லுங்க” என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. இருசம்மாள். எழுந்து, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நாளைக்கு வெடிஞ்சதும் வடக்குப் பாடு. அவங்க கைல சொல்லி எடுத்து வைக்கச் சொல்றோம். கண்ணு முன்னால உசிரோட கெடந்த போனையே எம்புள்ள மறுநாள் தான் எடுத்தான்.”

ஹரிஹரன் பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார். இருசம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“இன்னாய்யா பாத்துக்குனு நிக்கற? பொழுது சாயுது. போய் முறை சொல்லு.”