ஆர்ட் மேடமும் விட்டுப்போன புள்ளியும்

என் கணவர் மாரடைப்பில் தவறிய பிறகு, நாலாவது படிக்கும் என் மகள் பள்ளிக்கூடத்தில் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டாள். வீட்டில் என்னிடம் ஓயாமல் பேசுவாள். பள்ளி வாசலைத் தாண்டினால் ஒரு சொல் கிடையாது. பாத்ரூம் போகவேண்டும் என்று கேட்க வாய் வராமல் அடக்கி வைத்து, ஒருநாள் வகுப்பிலேயே உடை நனைந்து, அப்படியே வீட்டுக்கு வந்து நின்றாள். அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

ஓவியத்தின் வழியாகப் பிள்ளைகளின் மனசைக் கவனிக்க, அந்தப் பள்ளிக்கு வியாழக்கிழமைகளில் ஓர் அம்மாள் வருவார். எங்களுக்கெல்லாம் அவர் ஆர்ட் மேடம். என் மகளை அவரிடம் அனுப்பினார்கள். மாதங்கள் போயின, பேச்சு வரவில்லை. அவள் வரைந்ததையாவது காட்டுங்கள் என்று கேட்டேன். குழந்தை சரியென்று சொன்னால்தான் காட்டுவாராம். பெற்றவளுக்கே பர்மிஷனா? பிடிபிடியென்று பிடித்துவிட்டேன், அதுவும் கன்னடத்தில். மைசூரில் இத்தனை வருஷம் இருந்ததில், சண்டைக்கு எனக்குத் தமிழைவிட அதுதான் கைகொடுக்கிறது.

மேடம் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். பள்ளி விட்டதும் நீங்களும் வந்து அவளோடு உட்காருங்கள் என்றார். அவள் யாரிடம் பேசுகிறாளோ அவரை முதலில் அறைக்குள் கொண்டுவர வேண்டும், மற்றவர்கள் மெல்ல மெல்லத்தான் பக்கத்தில் வரவேண்டும் என்று விளக்கினார்.

அடுத்த வியாழன் போனேன். மேடம் தூரத்துக் குழாயில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். மேசையில் பெரிய கறுப்புத் தாளும் சாக்பீஸும் இருந்தன. நான் யானை வரைந்தால் பூசணிக்காய் மாதிரி வரும். தெரிந்தது கோலம் ஒன்றுதான். துக்கம் நடந்த வீட்டு வாசலில் வருஷம் திரும்பும்வரை கோலம் கிடையாது என்பது ராமாபுரத்து நாத்தனாரின் கண்டிப்பு, அதனால் அவர் போனதிலிருந்து நான் கோலமாவைத் தொடவேயில்லை. தாளில் போட்டால் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு புள்ளி வைத்தேன்.

“அம்மா, இந்த வரிசைல ஒரு புள்ளி விட்டுட்டே!”

சத்தமாகவே சொன்னாள். பள்ளிக்கூடத்துக்குள்! எனக்கு எழுந்து கத்தவேண்டும் போலிருந்தது. மேடத்தைப் பார்த்தேன். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை, குழாயை மட்டும் மூடினார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, “எங்கேடி?” என்றேன்.

சாக்பீஸைப் பிடுங்கி அவளே அந்தப் புள்ளியை வைத்தாள். “நம்ம வாசல்ல இனிமே போடவே மாட்டோமா?”

“நாளைக்குக் காலைல போடறோம்.”

“ராமாபுரத்து அத்தை திட்டுவாங்களே.”

“திட்டட்டும். அத்தைகிட்ட கன்னடத்துல பேசிக்கறேன்.”

குழாயடியில் மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். இனி வாயை மூடிக்கொள்வாள் என்றே நினைத்தேன்.

மேடத்திடம் கோபத்தில் நான் பேசியதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. இன்றைக்கும் சாமி கும்பிடும்போது என் வீட்டு மனிதர்களுக்கும் முன்பாக, முதலில் அவருக்காகத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

“மேடம்,” என்றாள் என் மகள். காலையில் கோலம் போட நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டாள், கன்னடத்தில்: “நீவூ பர்தீரா?”

“பர்தீனி புட்டி,” வருகிறேன் குட்டி என்றார் மேடம், தினமும் பேசிக்கொள்கிறவர்கள் மாதிரி. பிறகு கழுவி முடித்த பிரஷ்களையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.